கோடை விடுமுறையில் கேமரா பழகலாம்: ஒரு விளையாட்டுக்கு ஒரு பாடம்

எனக்கு முதல் கேமரா கிடைத்த கோடையில் 700 படங்களுக்கு மேல் எடுத்தேன். விடுமுறை முடிந்து உட்கார்ந்து பார்த்தபோது தேறியவை பத்துகூட இல்லை. பாதிப் படங்களில் முகம் இருட்டு. மீதியில் கை கால்கள் இழுபட்டுக் கிடந்தன. எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டுவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளியதன் பலன் அது.

அடுத்த கோடையில் முறையை மாற்றினேன். ஒரு நாள், ஒரு பொழுதுபோக்கு, அதில் ஒரே ஒரு பாடம். பிள்ளைகள் ஓடியாடும் நாளில், படமெடுக்கத் திறந்து மூடும் ஷட்டரின் வேகத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் நாளில் நிழலை மட்டும் கவனித்தேன். படங்கள் குறைந்தன. ஆனால் எது ஏன் நன்றாக வந்தது, எது ஏன் சொதப்பியது என்று எனக்கே புரிய ஆரம்பித்தது.

இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகிறது. படமெடுப்பதற்கென்று தனியாக எங்கும் கிளம்ப வேண்டாம். ஊஞ்சல், சைக்கிள், நீச்சல், மாலை நடை, இரவில் நட்சத்திரம் பார்ப்பது என்று விடுமுறையில் எப்படியும் செய்யப்போகிறவையே போதும். விளையாட்டில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். பழகுகிறவருக்கு அதைவிட வசதி கிடையாது. இந்த முறை தவறினால் அடுத்த ஆட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்

புதுக் கேமரா வாங்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம். ஃபோனில் 'புரோ' முறை இருந்தால் இங்கே சொல்வதில் பெரும்பகுதியைச் செய்து பார்க்கலாம். இல்லையென்றால் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் (இவை என்னவென்று முதல் பாடத்தில் வரும்) கையால் மாற்ற விடும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீட்டு அலமாரியில் லென்ஸ் மாற்றக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். பழகுவதற்கு அது தாராளம்.

பேட்டரியை முழுதாக ஏற்றிவிட்டு லென்ஸைத் துடையுங்கள். ஃபோன் படங்கள் புகை மண்டியதுபோல் வருவதற்குப் பல நேரம் விரல் ரேகைதான் காரணம். வெயிலில் அது இன்னும் மோசமாகத் தெரியும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள். ஃபோனில் இரண்டு விரலால் இழுத்து ஜூம் செய்யும் பழக்கத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த ஃபோனில் உள்ள லென்ஸுகளின் எல்லையைத் தாண்டினால், நடப்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். நாலடி முன்னால் நடந்தால் அதைவிட நல்ல படம் கிடைக்கும்.

முதல் பாடம்: வெயிலே அளவுகோல்

படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸுக்குள் இருக்கும் அபர்ச்சர் என்னும் துளை எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, சென்சாரில் விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது. மூன்றாவதுதான் ஐஎஸ்ஓ. இந்த மூன்றையும் விளக்கப் படம் போட்டுப் பலரும் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. ஏறியது பழைய பிலிம் காலத்து விதி ஒன்றால்தான்.

மேகமில்லாத வானில் உச்சி வெயில் அடிக்கும்போது துளையை எஃப்/16-இல் வையுங்கள். ஐஎஸ்ஓ என்ன எண்ணோ அதையே ஷட்டரின் கீழ் எண்ணாக வையுங்கள். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. அவ்வளவுதான், படம் சரியாக வரும். பிலிம் டப்பாவோடு வந்த குறிப்புத் தாளிலும் ஏறக்குறைய இதுதான் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் இல்லாத கேமராவில் ஆயிரக்கணக்கானோர் இதை நம்பித்தான் படமெடுத்தார்கள். தெளிந்த வானில் நண்பகலை ஒட்டிய சில மணி நேரத்துக்கு வெயிலின் அளவு பெரிதாக மாறாது என்பதால்தான் இது வேலை செய்கிறது. அதனால்தான் கேமரா பழகக் கோடை நல்ல பருவம் என்கிறேன்: ஒரு கணக்கு கைக்கு நிலையாகக் கிடைக்கிறது.

இப்போது அந்தப் புள்ளியிலிருந்து நகருங்கள். துளையின் எண்கள் 16, 11, 8, 5.6, 4 என்று இறங்கும். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். முதலில் எல்லோரையும் குழப்புவது இந்தத் தலைகீழ்க் கணக்குதான். ஒவ்வொரு படிக்கும் உள்ளே வரும் வெளிச்சம் இரட்டிப்பாகும். எனவே துளையை ஒரு படி திறந்தால் ஷட்டர் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். எஃப்/11-க்கு 1/200, எஃப்/8-க்கு 1/400, எஃப்/5.6-க்கு 1/800, எஃப்/4-க்கு 1/1600.

முதல் நாள் பயிற்சி இதுதான். வெயிலில் யாரையாவது நிற்க வைத்து, பின்னால் தூரத்தில் மரமோ வேலியோ இருக்கும்படி பார்த்து, கேமராவை, எல்லாவற்றையும் நாமே வைக்கும் 'எம்' முறையில் போட்டு இந்த ஐந்து அமைப்பிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஐந்திலும் வெளிச்சம் ஒன்றுபோல் இருக்கும். பின்னணியைப் பாருங்கள். எஃப்/16-இல் இலை இலையாகத் தெரிந்த மரம் எஃப்/4-இல் கரைந்து போயிருக்கும். வெளிச்சம் அதே, படம் வேறு. இந்த ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. பெரும்பாலான ஃபோன்களில் துளை மாறாது, எஃப்/1.8 போல எப்போதும் அகலமாகவே இருக்கும். அதை ஈடுகட்ட வெயிலில் ஷட்டர் 1/4000 நொடி அளவுக்கு விரைந்து ஓடும். ஆகவே பகலில் ஃபோனில் அசைவு தானாகவே உறைந்துவிடும். தடுமாற்றமெல்லாம் அந்தி சாய்ந்த பிறகுதான்.

இரண்டாம் பாடம்: ஊஞ்சலில் ஷட்டர்

ஷட்டர் வேகம் கற்க ஊஞ்சலைப் போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை. வாத்தியாருக்குப் பொறுமை அதிகம், ஒரே பாடத்தை நூறு முறை நடத்துவார்.

கேமராவை 'எஸ்' அல்லது 'டிவி' என்று எழுதியிருக்கும் ஷட்டர் முன்னுரிமை முறைக்கு மாற்றுங்கள். ஷட்டரை நீங்கள் சொல்லுங்கள், துளையை அது பார்த்துக்கொள்ளும். ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறையில் வையுங்கள். கேனானில் அதன் பெயர் 'ஏஐ சர்வோ' அல்லது 'சர்வோ', நிக்கானிலும் சோனியிலும் 'ஏஎஃப்-சி'.

முதலில் 1/125 வைத்து, ஊஞ்சல் நடுவில் தாழ்ந்து வரும்போது ஒரு படம் எடுங்கள். இழுபடும். அதே 1/125-இல் ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் இன்னொன்று. ஆள் தெளிவாக வந்திருப்பார்! காரணம் எளிது. உச்சியில் ஊஞ்சல் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நடுவில்தான் வேகம் அதிகம். எகிறிக் குதிப்பவர், மேலே வீசிய பந்து என எல்லாவற்றிலும் இப்படி ஒரு கணம் உண்டு. அதைக் காத்திருந்து பிடிக்கத் தெரிந்தவருக்கு ஷட்டர் வேகம் குறைவாக இருந்தாலும் படம் கிடைக்கும். நடுவில் வரும் ஊஞ்சலை உறைய வைக்க 1/1000 வரை போக வேண்டியிருக்கும். ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 பெரும்பாலும் போதும். தண்ணீர்த் துளி தெறிப்பதற்கு 1/1000-இல் தொடங்கி 1/2000 வரை முயன்று பாருங்கள்.

நேரம் நீண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1838-இல், ஒளிப்பட முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகெர் பாரிஸின் தெரு ஒன்றை உயரமான ஜன்னலிலிருந்து படமெடுத்தார். அன்றைய முறையில் ஒரு படத்துக்குப் பல நிமிடம் பிடித்தது. வண்டியும் கூட்டமுமாக இருந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவர்கள் யாருமே பதியவில்லை. காலணிக்கு மெருகு போட ஓரிடத்தில் நின்ற ஒருவர் பதிந்தார். சரியாக 40 ஆண்டு கழித்து, 1878 ஜூனில், மைப்ரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர் கலிஃபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்தப் படங்கள் காட்டிவிட்டன. உங்கள் கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்றும் ஒரு சக்கரத்தில் இந்த இரண்டு படமும் இருக்கின்றன.

அசைவை வேண்டுமென்றே காட்டவும் பழகுங்கள். சைக்கிள் ஓட்டுபவரை 1/30-இல் வைத்து, அவர் கடக்கும் வேகத்திலேயே கேமராவையும் இடுப்பைத் திருப்பி நகர்த்தியபடி அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. பத்தில் எட்டு பாழாகும். மீதி இரண்டில் ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் இருக்கும். அந்த இரண்டுக்காக எட்டைக் கொடுக்கலாம்.

உங்கள் கை நடுக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. என்றால் 1/50-க்குக் கீழே கையில் பிடித்து எடுக்காதீர்கள், 200 மி.மீ. என்றால் 1/200. நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸில் கொஞ்சம் சலுகை கிடைக்கும்.

மூன்றாம் பாடம்: மரத்தடி

உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண்குழியில் கருநிழல் விழும், மூக்கு பளபளக்கும். எந்தக் கேமராவாலும் இதற்குத் தீர்வில்லை. ஆளை நகர்த்துவதுதான் தீர்வு.

நிழலுக்குள் ஆழமாகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். நிழல் முடிந்து வெயில் தொடங்கும் எல்லையில், நிழலுக்கு உள்ளே ஒரு அடி தள்ளி, முகம் வெளியே பார்க்கும்படி உட்கார வையுங்கள். திறந்த வானத்தின் மென்மையான வெளிச்சம் முகத்தில் விழும், கண்ணில் சின்னதாய் ஒரு மினுக்கம் வரும். தரையில் வெள்ளை விரிப்பு இருந்தால் தாடைக்குக் கீழுள்ள இருட்டும் போய்விடும். பச்சைப் புல்லில் உட்கார்ந்தால் அந்தப் பச்சை தோலில் ஏறும். படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'நிழல்' குறிக்கு மாற்றினால் நீலம் குறையுமே தவிர இந்தப் பச்சை முழுதாகப் போகாது. விரிப்புதான் வழி.

இலைகளின் இடுக்கு வழியாக முகத்தில் வெயில் திட்டுத் திட்டாக விழும் இடத்தைத் தவிருங்கள். ஆனால் அந்தத் திட்டுகளைத் தரையில் ஒரு நிமிடம் பாருங்கள். இடுக்கு எந்த வடிவமாக இருந்தாலும் பல திட்டுகள் வட்டமாகவே இருக்கும். அவை சூரியனின் பிம்பங்கள். ஒவ்வொரு இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா. பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அந்த வட்டங்கள் அத்தனையும் பிறையாகிவிடும். கேமராவின் மூதாதை நம் விரிப்பின் மேலேயே விழுந்து கிடக்கிறது.

நிழலே இல்லாத இடமென்றால் முதுகு சூரியனைப் பார்க்கும்படி ஆளைத் திருப்புங்கள். தலைமுடியில் ஒளி விளிம்பு கட்டும், முகம் ஒரே சீராக இருக்கும். முகம் இருண்டால் ஃப்ளாஷைப் போடுங்கள். பகலில் எதற்கு ஃப்ளாஷ் என்று சிரிப்பார்கள், போடுங்கள். ஃப்ளாஷுக்குப் பகலில்தான் உண்மையான வேலை.

நான்காம் பாடம்: மணலும் தண்ணீரும்

வெள்ளை மணலில் எடுத்த படங்கள் ஏன் அழுக்குச் சாம்பலாக வருகின்றன? கேமராவின் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்கிறது. விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று கணக்கு. மணல் அதைவிட நன்றாக வெளுப்பு. அதைச் சாம்பலாக்க மீட்டர் படத்தை இருட்டாக்குகிறது. பிளஸ், மைனஸ் குறி போட்ட பொத்தானைத் தேடி +1 வையுங்கள். கறுப்பு நாயை எடுக்கும்போது இதற்கு நேர்மாறாக -1. ஃபோனில் திரையைத் தொட்டதும் பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே நகர்த்துவதும் இதே வேலைதான்.

கேமராவுக்கு ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதானால் போலரைசர் வாங்குங்கள். சூரியன் உங்கள் தோள் பக்கம், அதாவது நீங்கள் பார்க்கும் திசைக்கு 90 பாகையில் இருக்கும்போது அது வானத்தை நன்றாக அடர்த்தியாக்கும். தண்ணீரின் மேல் மினுக்கும் பிரதிபலிப்பை விலக்கி அடியில் கிடக்கும் கூழாங்கல்லையும் காட்டும். இந்த விளைவை எந்தச் செயலியாலும் பின்னால் கொண்டுவர முடியாது. மறைந்த கூழாங்கல் மறைந்ததுதான்.

எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். லென்ஸில் மணல் ஒட்டினால் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதும் பல்பால் ஊதுங்கள். தேய்த்தால் கோடு விழும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவையோ பேட்டரியையோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏசி அறையிலிருந்து ஈரக் காற்றுள்ள வெளிக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படியும். வெளியே வருவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். ஆவி பையின் மேல் படியும். ஃபோன் தண்ணீரைத் தாங்கும் ஐபி68 தரம் என்பதால் கடலில் முக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. உப்பும் குளோரினும் வேறு கதை. அப்புறம், நீச்சல் குளத்திலும் கடற்கரையிலும் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஐந்தாம் பாடம்: மாலை நடை

சூரியன் அடிவானத்துக்கு மேலே 6 பாகைக்குள் இறங்கியதும் வெளிச்சம் பொன்னாகும். பூமத்திய ரேகைக்கு அருகில் இது ஏறத்தாழ 25 நிமிடத்தில் முடிந்துவிடும். வடகோடி நாடுகளில் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். உங்கள் ஊரில் எவ்வளவு நேரம் என்று ஒரு மாலை நடந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தப் பாடத்தில் எண்கள் வேண்டாம். கேமராவை, துளையை நாம் சொல்ல ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும் 'ஏ' அல்லது 'ஏவி' முறையில் எஃப்/5.6-இல் போட்டுவிட்டு, எங்கே நிற்பது என்பதை மட்டும் பழகுங்கள். மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் ஆளை வைக்கச் சொல்லும் விதி எல்லோருக்கும் தெரியும், நல்ல விதிதான். ஆனால் தொடக்கக்காரரின் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இடம் அல்ல, பின்னணி. தலையிலிருந்து முளைக்கும் கம்பம், கழுத்தை வெட்டும் அடிவானம், ஓரத்தில் பாதி தெரியும் குப்பைத்தொட்டி. அழுத்துவதற்கு முன் திரையின் நான்கு ஓரங்களிலும் கண்ணை ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்தால் கம்பம் போய்விடும்.

குழந்தைகளை அவர்கள் கண் உயரத்தில் எடுங்கள். முழங்காலில் அழுக்குப் படாமல் நல்ல குழந்தைப் படம் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

சூரியன் மறையும்போது வானத்தைத் தொட்டு அளவெடுத்தால் முன்னால் நிற்பவர் நிழலுருவாக வருவார். கை கால்கள் உடம்போடு ஒட்டாமல் விலகி இருந்தால்தான் அது ஆள் என்று தெரியும். டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸில் கண் போய்விடும்.

ஆறாம் பாடம்: இரவு

நிலவிலிருந்து தொடங்குங்கள். நிலவை எடுத்தால் வெள்ளைப் பொட்டாக வருகிறது என்று குறைப்படாதவர் இல்லை. முதல் நாள் விதியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்: நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. துளையை மட்டும் ஒரு படி திறந்து எஃப்/11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடி. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா ஏமாறுகிறது, நீங்கள் ஏமாற வேண்டாம். முழு நிலவுக்கு இது பொருந்தும். பிறைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரத்துக்கு ட்ரைபாட் என்னும் முக்காலி வேண்டும். துளையை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 வைத்து, 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வரும் நொடிவரை திறந்து வைக்கலாம். 20 மி.மீ. லென்ஸ் என்றால் 25 நொடி. அதைத் தாண்டினால் பூமி சுழல்வதால் புள்ளிகள் கோடாகும். பெரிதாக்கிப் பார்த்துக் கோடு தெரிந்தால் நொடியைக் குறையுங்கள். பூமியின் வடபாதியில் கோடை இரவுகளில் பால்வீதியின் அடர்ந்த பகுதி தெரியும், ஆகஸ்ட் 12, 13-ஐ ஒட்டிப் பெர்சீட் எரிகற்களும் வரும். நிலவில்லாத இரவும் ஊர் விளக்கில்லாத இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோகஸைக் கையால், பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துச் செய்ய வேண்டும். ஃபோனில் நைட் முறையைப் போட்டு, எதன் மீதாவது சாய்த்து, டைமரில் எடுங்கள்.

முடித்ததும் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குங்கள். நான் ஒருமுறை மறந்தேன். நட்சத்திரத்துக்கு வைத்த 3200, எம் முறை, எல்லாம் அப்படியே இருக்க, மறுநாள் காலை ஆற்றங்கரையில் திரையைக்கூடப் பார்க்காமல் நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் வெள்ளைத் தாள். அன்றிலிருந்து கேமராவைப் பையில் வைக்கும்போதே ஐஎஸ்ஓவைத் திருப்பிவிடுவது, விளக்கை அணைப்பதுபோல் கைப்பழக்கமாகிவிட்டது.

எப்போது உள்ளே வைப்பது

ஒவ்வொரு பொழுதுபோக்கிலும் அரை மணி நேரம்தான் கேமராவுக்கு. அதன் பிறகு பையை மூடிவிட்டு நீங்களும் ஊஞ்சல் ஆடுங்கள், தண்ணீரில் இறங்குங்கள். நாள் முழுக்கக் கேமராவோடு திரிகிறவரைச் சுற்றி இருப்பவர்கள் இயல்பாக இருக்க மாட்டார்கள், அது படத்திலும் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின்

கேமராவின் சின்னத் திரையில் பார்த்து எதையும் அழிக்காதீர்கள். பெரிய திரையில் போட்டு, அன்றைய படங்களில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதோடு, மிக மோசமான ஒன்றையும் எடுத்துவையுங்கள். அதன் ஷட்டர், துளை, ஐஎஸ்ஓ எண்கள் படத்தோடு பதிந்திருக்கும். பார்த்து, நாளை எதை மாற்றுவது என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குக் கற்றுத் தந்தவை பெரும்பாலும் இந்த ஆறாவது படங்கள்தான்.

கேமராவில் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா, சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் என இரண்டும் சேமிக்கும் வசதி இருந்தால் இரண்டையும் போடுங்கள். இப்போது ஜேபெக் போதும்; திருத்தத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கோடையின் ரா கோப்புகளுக்குத் திரும்பி வரலாம். திருத்துவதென்றால் சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துங்கள், ஓரத்தை வெட்டுங்கள், வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக் குறையுங்கள். வண்ணத்தை ஏற்றும் பட்டையை ஒரு மாதத்துக்குத் தொடாமல் இருந்தால் நல்லது.

மெமரி கார்டைக் கணினியில் அல்ல, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதுவும் படங்கள் இரண்டு இடத்தில் பிரதியாகிவிட்டன என்று திறந்து பார்த்த பிறகு.